ராணிக்கு நேர்காணல்

எங்கள் பக்கத்தில் தேனீப் பெட்டியைத் திறக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. தேன். அதுவும் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விட்டு, மாசி, பங்குனியில் பெட்டி கனத்த பிறகு. மற்ற மாதங்களில் பெட்டியைத் திறப்பவனை ஊர் இரண்டு விதமாகத்தான் கணிக்கும். ஒன்று, அவனுக்கு வேறு வேலை இல்லை. அல்லது, அது அவன் பெட்டி இல்லை.

இப்போது நான் வாரம் தவறாமல் திறக்கிறேன். பெட்டி என்னுடையதுதான், ரசீது இருக்கிறது. திறப்பது தேனுக்காக அல்ல. உள்ளே ராணி இருக்கிறாளா, நலமா, நேற்று வேலை பார்த்தாளா என்று விசாரிக்க.

விளவங்கோடு தாலுகாவில் நான் வளர்ந்தது எழுபதுகளில். அங்கே தேனீப் பெட்டி, கோழிக்கூட்டோடும் சாணக்குழியோடும் சேர்த்து எண்ணப்பட்ட வீட்டுச் சாமான். அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொன்னதில்லை. பொழுது போகாமல் யாரும் இருந்ததாகவும் நினைவில்லை. பாட்டாவின் பெட்டிகள் அயனிமரத்து மூட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு சிரட்டை, சிரட்டையில் தண்ணீர், எறும்பு ஏறாமலிருக்க. அந்தச் சிரட்டைகளில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பேரப்பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட உத்தியோகம். சம்பளம், தேன் எடுக்கும் நாளில் மெழுகோடு மெல்லக் கிடைக்கும் ஓர் அடைத் துண்டு.

அந்தப் பெட்டி எங்கள் ஊருக்கு வந்ததற்குச் சின்னச் சரித்திரம் உண்டு. நம் நாட்டுத் தேனீயின் உடம்பளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910-களில் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். அடுத்த பத்தாண்டில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம முன்னேற்ற மையத்தை நடத்தினார். கோழி வளர், தேனீ வளர் என்று வயலில் நின்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார். பாட்டா அப்போது வாலிபர். அந்தக் காலத்தில் எங்கள் தாலுகா திருவிதாங்கூரில் இருந்தது; 1924 முதல் 1931 வரை அதை ஆண்டது மெய்யாகவே ஒரு ராணி, ரீஜெண்ட் சேது லட்சுமி பாய். நாடு முழுக்க அந்த ராணியின் பேச்சாக இருந்திருக்கும். பெட்டிக்குள் இருந்த ராணியை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பாட்டா பரிசோதனையே செய்யாதவர் என்று சொல்ல முடியாது. காலையில் கட்டன் சாயாவோடு பெட்டி வாசல்களுக்குப் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்காருவார். நேர் முன்னால் உட்காரமாட்டார், அது தேனீயின் பாதை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் கேட்டேன்.

“பாட்டா, உள்ள ராணி இருக்கான்னு எப்படித் தெரியும்?”

“காலுல பொடி கொண்டு போவுதா?”

மஞ்சள் மஞ்சளாக, பின்னங்கால்களில் உருட்டி ஒட்டிய பூம்பொடியோடு தேனீக்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.

“போவுது.”

“அப்பம் உள்ள பிள்ளை உண்டு. பிள்ளை உண்டுன்னா தள்ளை உண்டு. பொறவு என்னத்துக்குடே அதுக்க வீட்டைத் தொறக்கணும்?”

சந்தேகம் வந்தால் மட்டும் விரல் முட்டியால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் காதை வைப்பார். சட்டென்று ஓர் இரைச்சல் எழுந்து அடங்கினால் சரி. அடங்காமல் இழுத்து இழுத்து அழுதால் தள்ளை இல்லை. அவருடைய ஆய்வு அதோடு முடிந்தது. நோட்டுப் புத்தகம் இல்லை. புகைப்படம் இல்லை.

என் பெட்டி வந்த கதை வேறு. நான் ஓய்வு பெற்று நாகர்கோவிலின் ஓரத்தில் வீடு கட்டிக் குடியேறியதும், பெங்களூருவில் இருக்கும் மகளுக்கு அப்பா சும்மா இருப்பதைப் பற்றிக் கவலை வந்தது. சும்மா இருப்பதற்காகத்தான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன் என்பது அவளுக்குப் புரியவில்லை. முதலில் கூரியரில் சாமான்கள் வந்தன: வெள்ளை அங்கி, வலை தொங்கும் தொப்பி, முழங்கை வரை கையுறை, துருத்தி வைத்த புகைப்பான், சட்டங்களை நெம்ப ஓர் இரும்புப் பட்டை. பிறகு, தேனீ எங்கேயிருந்து வாங்குவது என்பதையும் அவளே இணையத்தில் தேடிச் சொன்னாள். மார்த்தாண்டத்தில். பெங்களூருவிலிருந்து ஒருத்தி எனக்கு மார்த்தாண்டத்துக்கு வழி சொன்னாள்.

கொண்டுவந்த பையன் பொறியியல் படித்தவன். அவன் அப்பா, ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் பெட்டிகளை ராத்திரி லாரியில் ஏற்றிக் கேரளத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் பரம்பரை. இருட்டிய பிறகு எல்லாத் தேனீயும் வீடு திரும்பியிருக்கும்போது வாசலை வலையால் அடைத்து, காரின் பின் இருக்கையில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தான். மாமரத்தடியில் நான்கு கால் தாங்கியில் வைத்து, வலையைப் பிய்த்துவிட்டுச் சொன்னான்:

“ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க சாரே. புது இடம். தொட்டா ஓடிரும்.”

ஓடிவிடும் என்பது மிகை இல்லை. நாட்டுத் தேனீக்குப் பிடிக்காத வீட்டில் இருந்து பழக்கமில்லை. ராணி, பணித்தேனீ, சேமிப்பில் வயிறு கொள்ளுமட்டும், எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிடும். பாட்டா காலத்தில் அப்படிக் கிளம்பினால் நாங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டும் மண்ணை வாரி எறிந்துகொண்டும் பின்னால் ஓடுவோம். சில சமயம் பக்கத்து விளையில் ஏதாவது கிளையில் இறங்கும். அது தகரத்தால் இறங்கியதா, களைப்பால் இறங்கியதா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. தகரம் தட்டியவனுக்குப் பெயர் கிடைக்கும்.

பாட்டாவுக்குத் தேனீ வாங்கும் வழக்கமே கிடையாது. கறையான் புற்றிலோ மதில் பொந்திலோ கூடு இருக்கிறது என்று துப்புக் கிடைத்தால் சாயங்காலம் புறப்படுவார். பொந்தை வெட்டி அடைகளை எடுத்து, புழு இருக்கும் அடைகளை அளவாக நறுக்கி வாழைநாரால் சட்டத்தில் கட்டுவார். சில நாளில் தேனீக்கள் அடையை மெழுகால் சட்டத்தோடு ஒட்டிவிட்டு வாழைநாரைக் கடித்து வெளியே தள்ளிவிடும். ராணி அகப்பட்டால் தீப்பெட்டிக்குள். அவளைப் பெட்டியில் வைத்துவிட்டால் மற்றவை தாமாக உள்ளே போகும். சில ராணிகளுக்கு ஒரு பக்கச் சிறகைக் கத்தரித்துவிடுவதும் உண்டு. தேன் அடைகளைக் கையால் பிசைந்து துணியில் பிழிவார்கள். அதில் எத்தனை புழு நசுங்கியது என்று கணக்கில்லை. கலங்கலாக இருக்கும் அந்தத் தேனைத்தான் ‘அசல்’ என்று உறவுக்காரர்கள் குப்பி கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். அந்தக் காலத்துக் கருணையைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு அந்தத் துணிதான் ஞாபகம் வரும்.

வாரம் முடிந்தது. முதல் பரிசோதனை. காலை பத்து மணி, மழைக்கோள் இல்லை, காற்றும் இல்லை. உடுத்திக்கொள்ளவே அரைமணி நேரம் ஆனது. பாட்டாவின் தேனீ உடை இடுப்பில் ஒரு துவர்த்து, காதில் ஒரு பீடி. பீடியைப் பற்றவைத்து வாசலில் ரெண்டு ஊது ஊதுவார். புகைக்கு இரண்டு வேலை: தேனீக்கள் ஒன்றுக்கொன்று விடுக்கும் அபாய வாசனையை அது மறைத்துவிடும், அதோடு, வீடு எரிகிறதோ என்று தேனீக்கள் ஓடி வயிறு நிறையத் தேன் குடிக்கும், வயிறு நிறைந்த தேனீக்குக் கொட்டுவதில் அவ்வளவு அக்கறை இராது. என் துருத்தியில் தேங்காய்த் தும்பு. அது பற்றிக்கொள்ளும் வரை தேனீக்களைவிட நான் அதிகம் புகை குடித்தேன்.

மூடியைத் தூக்கி, இரும்புப் பட்டையை எடுத்து முதல் சட்டத்தின் ஓரத்தில் செருகினேன். தேவையே இருக்கவில்லை. சட்டம் விரலோடு வந்துவிட்டது. இத்தாலியத் தேனீதான் மரப்பிசினைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒட்டிவைக்கும், அதற்குத்தான் நெம்புகோல். நம் தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் பட்டையை ஒவ்வொரு வாரமும் கையில் எடுத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் கை வெறுமையாகத் தெரிகிறது.

ஓரத்துச் சட்டத்தில் தேன். அடுத்ததில் மேல் வளைவில் தேன், அதன் கீழ் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூந்தாது. நடுச் சட்டங்களில்தான் ராணியின் காரியாலயம். யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் சட்டத்தைத் தூக்குவார். இத்தாலிய ராணி ரத வீதியில் போவதற்குரிய நிதானத்தில் நடந்து போவாள். அவர் விரலால் சுட்டிக்காட்டுவார். நாட்டுத் தேனீயிடம் அந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது. வெளிச்சம் பட்டதும் ஓடும். மொத்தக் கூட்டமும் சட்டத்தின் கீழ் மூலைக்குப் பாய்ந்து கொத்தாகத் தொங்கும், அந்தக் கொத்துக்குள் ராணி. நான் மூலை மூலையாகத் தேடினேன். சட்டத்தைத் திருப்பினேன். மறுபக்கம் போனால் அவளும் இந்தப் பக்கம் வந்திருப்பாள் என்று தோன்றியது.

பையனைப் போனில் கூப்பிட்டேன்.

“ராணியைத் தேடாதீங்க சாரே. முட்டை நிக்குதான்னு பாருங்க.”

விஷயம் இதுதான். ராணி இட்ட முட்டை முதல் நாள் அறையின் அடியில் செங்குத்தாக நிற்கும். இரண்டாம் நாள் சாயும். மூன்றாம் நாள் படுத்துவிடும், பிறகு புழு. நிற்கும் முட்டையைக் கண்டால் ராணி நேற்றோ இன்றோ இந்த வழியாகப் போயிருக்கிறாள். படுத்த முட்டை மட்டும் இருந்தால் முந்தாநாள்வரைக்கும் அவள் இருந்ததற்குத்தான் உத்தரவாதம். அவளை நேரில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டா வாசலில் உட்கார்ந்து சொன்னதையே இவன் போனில் சொல்கிறான். வித்தியாசம், பாட்டா சொன்னதற்கு அங்கி தேவைப்படவில்லை.

நான் ஓய்வூதியம் வாங்குபவன். வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் நேர்காணல் உண்டு. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு நான் சாட்சியாக வேண்டும். நேரில் போகலாம், விரல் ரேகை வைத்துக் கணினி வழியாகவும் சான்று பெறலாம். ராணிக்கும் அதே விதி என்று கொண்டால் மனத்துக்கு ஆறுதல்: ஆள் வர வேண்டாம், ரேகை போதும், ஓர் அறைக்கு ஒரு முட்டை. இதில் போலிச் சான்றும் உண்டு. ராணி செத்துப் பல நாளாகிவிட்ட கூட்டில் பணித்தேனீக்கள் சில தாங்களே முட்டையிட ஆரம்பிக்கும். ஓர் அறையில் இரண்டு, மூன்று என்று தாறுமாறாக, அடியில் அல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும். அவற்றின் வயிறு அடிவரை எட்டாது. அந்த முட்டைகள் கருவுறாதவை. ஆண்தேனீ மட்டுமே பிறக்கும், ஒரு வேலையும் செய்யாது, கூடு அழியும். கருவூல அலுவலர் யாராக இருந்தாலும் இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். என் நேர்காணலோ வருடத்துக்கு ஒருமுறை. அவளுக்கு வாரா வாரம். நல்லவேளை அவளுக்குச் சங்கம் இல்லை.

முட்டையைப் பார்ப்பது எளிது என்று நினைப்பவர்களுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, வெள்ளை, வெள்ளை மெழுகுக்குள். சூரியன் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வெளிச்சம் அறையின் அடிவரை விழ வேண்டும். தலையில் வலை, வலைக்குள் கண்ணாடி, கண்ணாடியில் மூச்சின் ஆவி. கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால் முகத்தை ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு அடையைப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கையுறையைக் கழற்றி, போனில் படம் எடுத்து, நிழலில் போய் விரலால் பெரிதாக்கினேன். நின்றுகொண்டிருந்தது முட்டை. அறைக்கு ஒன்று, அடியின் நடுவில், நேராக.

பிரான்ஸ்வா ஹூபர் என்று ஜெனீவாவில் ஒருவர் இருந்தார். பார்வை இழந்தவர். தேனீக்களைப் பற்றி 1792-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. ராணி கூட்டுக்குள் இணைசேர்வதில்லை, வெளியே ஆகாயத்தில் பறந்துதான் என்பதை நிலைநாட்டியவர் அவர். பார்த்தது அவருடைய வேலையாள் பர்னென்ஸ். ஹூபர் கேள்வி கேட்பார், பர்னென்ஸ் பெட்டியில் கண்ணை வைத்துப் பதில் சொல்வார். தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னாலும் அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லையாம். என் பர்னென்ஸுக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

ராணியை நான் பார்த்தேயாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது மகள். அவளுக்கு வீடியோ வேண்டும். பல வாரம் கழித்து, அதிகம் புகை போடாமல் மெதுவாகத் தூக்கிய ஒரு சட்டத்தில், திடீரென்று அவள் இருந்தாள். கறுத்த உடம்பு, நீண்ட வயிறு, அதற்குப் பொருந்தாத குட்டைச் சிறகு. அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள், வெளியே எடுத்தாள், திரும்பி வயிற்றை இறக்கினாள். சுற்றி நின்றவை அவளை நக்கின, ஊட்டின. பிறகு வெளிச்சம் உறைத்தது போலும், ஓடிவிட்டாள். வீடியோவில் பதிவானது என் கட்டைவிரல்.

மகள் அதற்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள். அடையாளத்துக்கு முதுகில் வர்ணப் புள்ளி வைக்கலாமே என்றும் கேட்டாள். உலகம் முழுக்க அதற்கு ஒரு முறை இருக்கிறது: ஆண்டு 1 அல்லது 6-இல் முடிந்தால் வெள்ளை, 2, 7 என்றால் மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். எந்த ஆண்டுப் பிறவி என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். பையனிடம் சொன்னேன்.

“பெயின்ட் அடிக்க வீடா சாரே? கையில பிடிச்சுக் கசக்கினா மறுநாள் பெட்டி காலியா கெடக்கும்.”

பாட்டா சிறகைக் கத்தரித்தார். நாங்கள் சாயம் பூசலாமா என்று ஆலோசிக்கிறோம். ராணிக்கு முன்னேற்றம்தான்.

முட்டைக்கு அடுத்தபடி புழுவைப் பார்க்கச் சொல்லியிருந்தான். முத்து நிறத்தில், பாலில் மிதந்துகொண்டு வளைந்து கிடக்க வேண்டும். “நீண்டு நிமிந்து, தலையைத் தூக்கிட்டுக் கெடந்தா உடனே கூப்பிடுங்க.” ஏன் என்று அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் இருந்த எவருக்கும் அதை விளக்க வேண்டாம். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீயைத் துடைத்துக்கொண்டு போயிற்று. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தோல் பையாகி, உள்ளே தண்ணீர் கட்டிச் செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. அப்போது பாட்டா இல்லை. பெட்டிகளை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதுரையில் வேலையில் இருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது அயனிமரத்து மூட்டில் பெட்டிகள் அதே வரிசையில் நின்றன. சிரட்டைகளில் தண்ணீர் இல்லை. வாசலில் ஒன்றும் போகவில்லை, வரவில்லை.

“நேத்தைக்குக் கூட பொடி கொண்டுவந்துது மக்களே,” என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டாவின் வாசல் பரிசோதனை அதற்குமேல் சொல்லாது. உள்ளே பிள்ளை உண்டு என்று சொல்லும், அந்தப் பிள்ளை என்ன பாட்டில் கிடக்கிறது என்று சொல்லாது. திறந்து பார்த்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம். ராணியைச் சில நாள் அடைத்துவைத்து முட்டையிடாமல் நிறுத்தி, நோய் தொற்றப் புழுவே இல்லாமல் செய்து பார்க்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். அப்போது யாருக்கும் அது தெரியாது. காலிப் பெட்டிகளில் ஒன்றில் அம்மை உள்ளி வைத்தாள். இன்னொன்றில் கோழி அடைகாத்தது. மீதியை அந்துப்பூச்சி தின்றது. தப்பிப் பிழைத்த சில கூடுகளிலிருந்து பெருகித்தான் இன்றைக்கு இருப்பவை வந்தன என்கிறார்கள். வேறு பலர் இத்தாலியத் தேனீக்கு மாறிவிட்டார்கள். வாரம் தவறாமல் புழுவைப் பார்க்கும் என்னை யாராவது கேலி செய்தால், இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பிச் சிரிக்காமல் இருக்கிறேன்.

தேன்? அதைச் சொல்லவில்லை அல்லவா. குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பரின் இளந்துளிரில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே ஊறும் இனிப்பைத்தான் தேனீ சேர்க்கிறது. குப்பிகளின் மேல் ஒட்டும் படத்தில் சூரியகாந்தியும் ரோஜாவும் இருக்கும். ரப்பர் இலையின் படம் போட்ட குப்பியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நாகர்கோவில் ஓரத்தில் என் வீட்டைச் சுற்றி ரப்பர் கிடையாது. தென்னை உண்டு, வருடம் முழுக்கப் பாளை விரியும். முருங்கை, புளி, வேம்பு. குடும்பம் நடத்தப் போதும். மிச்சம் பிடிக்கப் போதாது. மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரையும் போயிற்று. தேன் அறை என்று மேலே ஓர் அடுக்கு வைத்திருந்தேன். அதில் ஒரு பல்லி குடியிருந்தது.

ஆனி, ஆடிச் சாரலில் நிலைமை இன்னும் மோசம். வெளியே போக வழியில்லை, சேமிப்புக் குறைகிறது. “சீனிப்பாகு வையுங்க சாரே, பாதிக்குப் பாதி தண்ணி,” என்றான் பையன். கடையில் சீனி வாங்கிக் காய்ச்சி, ஆறவைத்து, சாயங்காலம் பெட்டிக்குள் வைக்கிறேன். பகலில் வைத்தால் மணம் பிடித்து அடுத்த கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வரும். ஆகத் தேனீக்கள் பாட்டாவுக்கு வருடத்துக்குச் சில குப்பித் தேன் கொடுத்தன. நான் தேனீக்களுக்கு வருடத்துக்குச் சில கிலோ சீனி கொடுக்கிறேன். மாதாந்தரப் பலசரக்குச் சிட்டையில் மனைவி அதைத் தனி வரியாக எழுதுகிறாள்.

ஆவணியில் ஒரு நடுச்சட்டத்தில் அடையின் மத்தியில் ஒரு பெரிய அறை கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ராணி அறை. அடியோரத்தில் பல அறைகள் தொங்கினால் கூட்டம் பிரிந்து போகத் தயாராகிறது என்று அர்த்தம். நடுவில் ஒன்றிரண்டு என்றால் பழைய ராணியின் வேலை திருப்தியில்லை, ஆளை மாற்றுகிறார்கள். மாற்றுவது பணித்தேனீக்கள். எந்த முட்டை ராணியாக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், அதற்கு மட்டும் கடைசிவரை ராயல் ஜெல்லி ஊட்டுவதும் அவர்கள்தான். சாதாரணப் பணித்தேனீயாக வந்திருக்க வேண்டிய முட்டை, சாப்பாட்டினால் ராணியாகிறது. கோட்டைக்குள் அவளைக் கேட்டு ஒன்றும் நடப்பதில்லை. முடிந்தால் அவளை வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கழித்துக் கட்டுவார்கள். இதற்கு ‘முடியாட்சி’ என்று பெயர் வைத்தவர் எந்த அரண்மனையிலும் வேலை பார்த்ததில்லை.

மகளிடம் சொன்னேன். அவளுக்கு அதிர்ச்சி.

“யாரைக் கேட்டுப்பா மாத்துறாங்க?”

“யாரையும் கேட்கலை.”

“அப்போ பழைய ராணி?”

கொஞ்ச நாள் இரண்டு பேரும் இருப்பார்கள், பிறகு ஒருத்திதான் இருப்பாள் என்று பையன் சொன்னதைச் சொன்னேன். புதியவள் வெளியே பறந்து, ஆகாயத்தில் பல ஆண்களோடு இணைசேர்ந்து, ஆயுளுக்கும் போதுமான விந்தை உடம்பில் சேமித்துக்கொண்டு திரும்பி வந்தாள் என்பதற்கு அத்தாட்சி சில வாரத்தில் கிடைத்தது: நேராக நிற்கும் முட்டைகள். பழையவளைப் பிறகு நான் பார்க்கவில்லை. மகள் பெயரை மட்டும் மாற்றவில்லை. புதியவளுக்கும் அதே பெயர்தான். ராஜவம்சங்களில் அது வழக்கம்தானே என்கிறாள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஓர் அண்டை வீட்டுப் பிரச்சினை. அடுத்த வீட்டு டீச்சரைத் துணி காயப்போடும்போது ஒரு தேனீ கொட்டிவிட்டது. பாட்டா காலமாக இருந்தால் சுண்ணாம்பு தடவி, “தேனீ கொட்டினா வாதம் வராது” என்று இலவச வைத்தியமும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். டீச்சர் செட்ரிசின் போட்டுக்கொண்டு மதிலருகே வந்து நின்றார்.

“சாரே, குற்றம் சொல்லுகேன்னு நினைக்கப்பிடாது. இத்தனை தேனீ வளக்கீங்க, கொட்டு மட்டும் எங்களுக்கு வருது. தேன் எப்ப வரும்?”

பங்குனியில் என்று சொல்லியிருந்தேன். பங்குனி போனதும் சித்திரை என்றேன். அதற்குமேல் மாதங்களைச் சொல்லிக்கொண்டே போக முடியாதல்லவா. மார்த்தாண்டம் போகும் வேலை ஒன்று வந்தது. பையனின் வீட்டில் ரப்பர்த் தேன் இரண்டு குப்பி வாங்கினேன். ஒன்றின் சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மதிலுக்கு மேலாக நீட்டினேன். நம்ம பெட்டித் தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை அவர். மூடியைத் திறந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“கடையில வாங்குறது எல்லாம் சீனிப்பாகு சாரே. இதப் பாத்தீங்களா? நம்ம முருங்கைப்பூ வாசம் அப்படியே அடிக்கு!”

மறுநாள் காலையில் பேத்தியிடம் கழுவிய காலிக் குப்பி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். தக்கலையில் இருக்கும் அக்காவுக்கும் கொஞ்சம் வேணுமாம்.